அறுத்தவர்களே, அடுத்த பக்கம் எங்கே?

2022 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் ஒரு தாள் எண்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. நம் பணத்தில் எழுபது கோடி ரூபாயைத் தாண்டும். வீரன் ருஸ்தம் தன் குதிரை ரக்‌ஷைப் பகையரசன் அஃப்ராசியாபின் மந்தையிலிருந்து மீட்டு வரும் காட்சி. நான் படித்த செய்தியில் விலை இருந்தது, படம் இருந்தது. அந்தத் தாளுக்கு முன்னும் பின்னும் இருந்த தாள்கள் எங்கே போயின என்று ஒரு வரி இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு புத்தகத்தைக் கொன்று உறுப்பு உறுப்பாக விற்கிறார்கள். உலகம் விலையைப் பார்த்து வாய் பிளக்கிறது.

நான் கதைக்குப் படம் போட்டுப் பிழைப்பவன். சிறுகதை, தொடர்கதை, குழந்தைகள் புத்தகம் என்று வாழ்நாள் முழுக்க இதுதான் தொழில். கதை கைக்கு வந்ததும் எந்த இடத்தில் படம் வைத்தால் வாசகரின் கை அடுத்த பக்கத்தைப் புரட்டத் துடிக்கும் என்று தேடுவேன். கொலையை வரைய மாட்டேன். அதற்கு முந்தைய நொடியை, தாழ்ப்பாளில் கை படுகிற நொடியை வரைவேன். மிச்சத்தை எழுத்து பார்த்துக்கொள்ளும். கதைப்படம் என்பது அப்படிப் பாதியில் நிற்கிற பொருள். அதைப் பிய்த்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டி, "என்ன வண்ணம், என்ன நுணுக்கம்" என்று கைகட்டி நின்று ரசிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் என்ன ரசனை?

லண்டனில் விற்ற தாளின் வீட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். 1520-களில் ஈரானின் தப்ரீஸ் நகரில், சஃபாவி அரசவையின் பட்டறையில் ஒரு ஷாநாமா தொடங்கியது. ஃபிர்தௌசி 1010-இல் எழுதி முடித்த அரசர் கதை, கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ஈரடிகள். அதைத் தஹ்மாஸ்ப் என்ற இளம் அரசருக்காகப் படங்களோடு எழுதினார்கள். சுல்தான் முகம்மது, மீர் முஸவ்விர், ஆகா மீரக் என்று பெரிய கைகள் அதில் இறங்கின. மொத்தம் 759 தாள், 258 படம். பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த நீலக்கல்லை இடித்து, அரைத்து, அலசி எடுத்த நீலம். பொன்தகட்டை நசுக்கிக் குழைத்த மை. ஊசி முனை போல ஒடுங்கிய தூரிகை. ஆண்டுக்கணக்கில் ஒரு பட்டறையே குனிந்த தலை நிமிராமல் செய்த வேலை அது.

அதில் சுல்தான் முகம்மது வரைந்த ஒரு படம் உண்டு. உலகின் முதல் அரசன் கயூமர்ஸ் மலையுச்சியில் அமர்ந்திருக்கிறான். துணி நெய்யத் தெரியாத காலம், ஆகவே எல்லோரும் சிறுத்தைத் தோல் உடுத்தியிருக்கிறார்கள். சிங்கமும் மானும் பகையில்லாமல் நிற்கின்றன. பாறைகளை உற்றுப் பார்த்தால் அவற்றுக்குள் முகங்கள் ஒளிந்திருக்கின்றன. மனித முகம், விலங்கு முகம், எதென்று சொல்ல முடியாத முகம். இந்தப் படத்தின் முன் மற்ற ஓவியர்கள் வெட்கித் தலை குனிந்தார்கள் என்று 1544-இல் தோஸ்த் முகம்மது என்பவர் எழுதி வைத்திருக்கிறார்.

இன்று அந்தத் தாள் கனடாவில், டொரொண்டோவின் ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதைச் சொர்க்கம் போல என்கிறார்கள். சொர்க்கமா அது? அரசனின் பக்கத்தில் இருக்கிறானே மகன் சியாமக், அவன் சாகப் போகிறான். கரிய அசுரன் ஒருவன் சதி செய்கிறான். ஸுரூஷ் என்ற தேவதூதன் வந்து எச்சரிக்கிறான். மகன் போருக்குப் போய் மாண்டு போகிறான். அரசன் அழுகிறான். பேரன் ஹூஷங் பழி தீர்க்கிறான். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு இது தெரியும். தாளைப் புரட்டினால் சாவு வரும் என்று தெரிந்துகொண்டே அந்தப் பச்சையையும் பொன்னையும் பார்த்திருப்பார். ஓவியர் அத்தனை அழகை அங்கே கொட்டியதே அந்த இழப்புக்காகத்தான். நான் கதைப்படக்காரன், எனக்குத் தெரியும். இழப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அழகை மட்டும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்கள்.

இந்தப் புத்தகம் எதையெல்லாம் தாண்டி வந்தது என்று பாருங்கள். 1568-இல் அதை உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒட்டக வரிசையோடு நாடு கடந்து போனது. இஸ்தான்புல் அரண்மனையில் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தது. 1903-இல் பாரிஸ் கண்காட்சியில் தலைகாட்டியது. ராத்ஸ்சைல்ட் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய இரண்டு உலகப் போர்கள் நடந்தன. அரச வம்சங்கள் அழிந்தன, எல்லைகள் மாறின. புத்தகம் கட்டுக் குலையாமல் நின்றது.

1959-இல் அமெரிக்கர் ஆர்தர் ஹாட்டன் அதை வாங்கினார். கண்ணாடித் தொழிலில் பெரும் பணம் சேர்த்த குடும்பம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அரிய நூல்களைக் காக்கும் நூலகத்துக்கே அவர் பெயர்தான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தலைமை வகித்தவர். புத்தகத்தின் அருமை தெரியாத ஆளா அவர்? அவர் கையில்தான் கட்டு பிரிந்தது. 78 படங்கள் அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போயின. 1976-இல் லண்டனில் ஏழு தாள் ஏலத்துக்கு வந்தது. 1988-இல் இன்னும் சில. இடையே தனியார் கைகளுக்கும் போனது. நானூறு ஆண்டு யாரும் செய்யத் துணியாததை நூல்களைக் காதலித்தவர் என்று பெயரெடுத்தவர் செய்தார். அறியாமல் செய்திருந்தால் மனசு ஆறும். அறிந்து செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹாட்டன் 1990-இல் இறந்த பிறகு மிச்சம் என்ன ஆனது? 1994-இல் வியன்னா விமான நிலையத்தில் பண்டமாற்று நடந்தது. வில்லெம் டி கூனிங் வரைந்த ஒரு பெண் ஓவியம் தெஹ்ரான் அருங்காட்சியகத்தில், ஈரான் புரட்சிக்குப் பின் வெளியே காட்ட முடியாமல் கிடந்தது. அதை அந்தப் பக்கம் கொடுத்து, 118 படங்களையும் எழுத்துத் தாள்களையும் மேலட்டையையும் இந்தப் பக்கம் வாங்கினார்கள். ஈரானியர் தங்கள் முன்னோர் எழுதிய புத்தகத்தின் பாதிக்கும் குறைவான படங்களைப் பெற ஒரு பெரும் ஓவியத்தை விலையாகக் கொடுத்தார்கள். அந்த ஓவியம் 2006-இல் 13 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. பிய்த்தவர்கள் கொழித்தார்கள். பறிகொடுத்தவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

ஹாட்டனுக்கு முன்னோடி உண்டு. 1330-களில் மங்கோலியர் ஆட்சியில் எழுதிய இன்னொரு ஷாநாமா, அளவிலும் துணிச்சலிலும் ஈடில்லாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் வியாபாரி ஜார்ஜ் தெமோத் கையில் அது மாட்டியது. முழுசாக விற்றால் கேட்ட விலை வரவில்லை. பிரித்தார். ஒரே தாளின் இரண்டு பக்கத்திலும் படம் இருந்தால் ஒரு விலைதானே கிடைக்கும்? தாளையே இரண்டாக உரித்தார்கள். தோலுரிப்பது போலத்தான். உரித்ததைச் சம்பந்தமில்லாத எழுத்துத் தாள்களில் ஒட்டினார்கள். படத்தில் ஒன்று நடக்கும், சுற்றியுள்ள எழுத்து வேறு எதையோ சொல்லும். அந்தப் புத்தகத்தின் படத் தாள்கள் இன்று ஐம்பத்துச் சொச்சம்தான் தெரிய வருகின்றன. அதில் ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது. இஸ்கந்தரின், நாம் அலெக்சாந்தர் என்கிறோமே அவரின், சவப்பெட்டி நடுவில். பெரிய விளக்குத் தண்டுகள். தலைவிரி கோலமாகப் பெண்கள். பெற்றவள் பெட்டியின் மேல் விழுந்து கிடக்கிறாள். உலகை வென்றவனின் கதை முழுக்கப் படித்து வந்து அந்தப் பக்கத்தில் வந்து விழ வேண்டும் வாசகர். இப்போது அவள் எந்த முன்கதையும் இல்லாமல், யாருக்காக என்றே தெரியாதவர்கள் முன்னால் அழுதுகொண்டிருக்கிறாள்.

இந்தியக் கதைக்கு வருகிறேன். இங்கேதான் என் நெஞ்சு மிகவும் கொதிக்கிறது.

அக்பர் இருபது வயதுப் பிள்ளையாக இருந்தபோது ஹம்ஸாநாமா வரையச் சொன்னார். அமீர் ஹம்ஸாவின் சாகசங்கள். தேர்ந்த தந்திரக்காரன் உமர், மலை போன்ற அரக்கர்கள், மந்திரக் கோட்டைகள் என்று சந்தையிலும் சத்திரத்திலும் கதைசொல்லிகள் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை. ஈரானிலிருந்து வந்த மீர் சய்யித் அலியும், பிறகு அப்துஸ் ஸமதும் மேற்பார்த்தார்கள். ஈரானிய ஓவியர்களும் நம் நாட்டு ஓவியர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். சுமார் பதினைந்து ஆண்டு வேலை. 1,400 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மேல் உயரம், பருத்தித் துணியில். ஒரு படத்தில் ஜுமுர்ருத் ஷா என்ற ராட்சச அரசன் குழிக்குள் விழுந்து கிடக்கிறான். திருடன் என்று நினைத்துத் தோட்டக்காரர்கள் மண்வெட்டியும் தடியும் எடுத்து மொத்துகிறார்கள். தோட்டத்து வேலைக்காரன் கையால் அரசன் அடி வாங்குகிற படத்தை ஒரு சக்கரவர்த்தி ரசித்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அந்தச் சபையில் போய் உட்கார வேண்டும் போல இருக்கும்.

1,400-இல் இன்று இருப்பது இருநூறுக்குள். வியன்னாவில் அறுபது, 1873 உலகக் கண்காட்சியின்போது வாங்கியவை. லண்டனில் இருபத்துச் சொச்சம். மிச்சம் உலகமெங்கும் சிதறல். லண்டனுக்குப் போனவற்றில் பலவற்றை 1881-இல் பர்டன் கிளார்க் என்ற ஆங்கிலேயர் ஸ்ரீநகரில் கண்டெடுத்தார். ஜன்னலில் காற்று வராமல் அடைக்க வைத்திருந்தார்களாம். பல தாள்களில் முகங்களைச் சுரண்டியிருக்கிறார்கள், உருவம் வரைவது பாவம் என்று நினைத்த யாரோ. அக்பரின் புத்தகத்துக்கு நம் மண்ணிலேயே நேர்ந்த கதி இது. இதற்கும் நான் அழுகிறேன். அழாமல் மூடி மறைக்க மாட்டேன்.

ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹம்ஸாநாமாவில் தாளின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து. புத்தகத்தை விரித்தால் ஒரு புறம் படமும் எதிர்ப்புறம் அதன் கதையும் வரும். அப்படியானால் படத்துக்கான கதை எங்கே இருக்கிறது? அந்தப் படத்தின் முதுகில் இல்லை. முந்தைய தாளின் முதுகில் இருக்கிறது! தன் முதுகில் அது சுமப்பது அடுத்த படத்தின் கதையை. ஒவ்வொரு தாளும் அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டி வருகிறது. அப்படிக் கோத்த சங்கிலியைப் பிரித்து ஒன்றை ஓர் ஊரிலும் அடுத்ததை இன்னொரு கண்டத்திலும் மாட்டியிருக்கிறார்கள். எழுத்து சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. முந்தைய தாள் அழிந்து போயிருந்தால் அந்தப் படம் நிரந்தர ஊமை. அதில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று இன்று அறிஞர்கள் உட்கார்ந்து ஊகிக்கிறார்கள். கதைசொல்லி ஒருவர் உரத்த குரலில் படித்துக் காட்ட, சபையே வாய் பிளந்து கேட்ட கதை ஐயா அது!

மகாபாரதத்துக்கும் இதே கதிதான். அக்பர் 1582-இல் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் சொன்ன ரஸ்ம்நாமாவின் ஒரு படி 1598-99-இல் எழுதியது. 1921-இல் லண்டனில் அதைத் தாள் தாளாக ஏலம் விட்டார்கள். குருக்ஷேத்திரத்தைக் கூறு போட்டு விற்றார்கள்.

வரைந்தவர்கள் யார்? அக்பரின் பட்டறையில் ஒருவர் கோடு இழுப்பார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார், சில சமயம் முகத்துக்கென்று தனியாக ஒருவர். தாளின் அடி ஓரத்தில் எழுத்தர் அவர்களின் பெயரைக் குறித்து வைப்பார். அந்த ஓரம்தான் முதலில் வெட்டுப்பட்டது. திரும்பக் கட்டும்போது கட்டுக்காரன் ஓரத்தைச் சீவினான். சட்டம் போடுகிறவன் அளவுக்கு நறுக்கினான். பெயர்கள் குப்பைக்குப் போயின.

தஸ்வந்த் என்று ஒருவர். பல்லக்குத் தூக்குகிறவரின் மகன். கண்ட சுவரிலெல்லாம் படம் போட்டுத் திரிந்த பையனை அக்பர் கண்டு அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார் என்று அரசவை வரலாற்றாளர் அபுல் ஃபஸல் எழுதுகிறார். கொஞ்ச காலத்தில் எல்லோரையும் மிஞ்சினார். பிறகு மனம் பேதலித்து 1584-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஏழை வீட்டுப் பிள்ளை நாட்டின் தலைசிறந்த ஓவியராக எழுந்து அப்படிப் போனார். அவர் கைபட்டது என்று உறுதியாகச் சொல்ல ஓரத்தில் இருக்கும் ஒரு பெயர்தான் சாட்சி. அந்த ஓரத்தை வெட்டியவர்களே, தஸ்வந்த் உங்களுக்கு என்ன பாவம் செய்தார்?

இது என் சொந்தக் காயத்தையும் கீறுகிறது, சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகைக்காக நல்லதங்காள் கதைக்குப் படம் போட்டேன். கிணற்று மேட்டில் அவள் நிற்கிறாள். தலை அவிழ்ந்திருக்கிறது. முந்தானையைப் பிடித்தபடி பிள்ளைகள். கடைக்குட்டி மட்டும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது. அந்தக் குழந்தையின் பிடரியை வரைய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அசல் திரும்பி வரவில்லை. கேட்டேன், "தேடிப் பார்க்கிறோம் சார்" என்றார்கள். பிறகு ஒரு விடுதியின் வரவேற்பறையில் அதைப் பார்த்தேன், பெரிதாக்கி, பொன் சட்டம் போட்டு. கிணறு இல்லை. பிள்ளைகள் இல்லை. அவளை மட்டும் இடுப்புக்கு மேலே நறுக்கி எடுத்திருந்தார்கள். மூலையில் இருந்த என் கையெழுத்தும் பிள்ளைகளோடு போய்விட்டது. பசியில் பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் போடப் போகிறவள், கூந்தல் அழகியாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தாள். மேலாளரிடம் சொன்னேன். "நல்லா இருக்கு சார், கெஸ்ட் எல்லாம் போட்டோ எடுத்துக்கிறாங்க" என்றார். தஹ்மாஸ்பின் ஓவியர்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் எங்களுக்குச் செய்தது ஒரே அநியாயம்.

"நாங்கள் காப்பாற்றாவிட்டால் இதெல்லாம் அழிந்திருக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்ரீநகர் ஜன்னலிலிருந்து இறக்கிய கைக்கு நன்றி சொல்கிறேன், மனதார. ஆனால் தஹ்மாஸ்பின் புத்தகத்தை எதிலிருந்து காப்பாற்றினீர்கள்? அது நலமாக இருந்தது. உங்களிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான் ஆளில்லை. சேர்த்து வைக்க முடியாது என்றும் சொல்லாதீர்கள். தூத்திநாமா இருக்கிறது. சுகசப்ததி என்ற சம்ஸ்கிருதக் கிளிக்கதையிலிருந்து நக்‌ஷபி பாரசீகத்தில் ஆக்கியது. வீட்டுக்காரன் வெளியூர் போயிருக்கிறான், மனைவி இரவில் படி தாண்டப் பார்க்கிறாள், கிளி ஒவ்வோர் இரவும் ஒரு கதை சொல்லி நிறுத்துகிறது. ஐம்பத்திரண்டு இரவு. அக்பர் காலத்துப் படி ஒன்றின் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை அமெரிக்காவின் கிளீவ்லண்ட் அருங்காட்சியகம் 1962 முதல் ஓரிடத்தில் வைத்திருக்கிறது. மனம் இருந்தால் முடியும். அதே அக்பருக்காக வரைந்த இன்னொரு படியின் பெரும்பகுதி டப்ளினில், மிச்சம் ஊர் ஊராக. அந்தப் படியில் கிளி நடு நடுவே வாய் மூடிவிடுகிறது.

2011-இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தஹ்மாஸ்ப் ஷாநாமாவின் 258 படங்களையும் வரிசைப்படுத்தி அச்சில் கொண்டுவந்தது. செய்தவர்களுக்கு வணக்கம். ஆனால் அதே ஆண்டு அதே புத்தகத்தின் இன்னொரு தாள் லண்டனில் எழுபது லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனதே! அச்சில் ஒன்று சேர்க்கிற உலகம் நிஜத்தில் இன்னும் பிய்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒட்டித் தைக்கும் காலம் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். வாங்கி வைத்திருக்கும் கோடீஸ்வரர்களே, அருங்காட்சியகங்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். சட்டத்தின் அடியில் கொடையாளியின் பெயரைப் பொறிக்கிறீர்களே, அங்கே எழுதுங்கள்: இதற்கு முந்தைய தாள் இன்ன ஊரில், பிந்தைய தாள் இன்ன ஊரில், இடையில் இத்தனை தாள் தொலைந்தது, வெட்டியவர் இன்னார். தாளைச் சுவரை விட்டு நகர்த்தி இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு நிறுத்துங்கள். பின்பக்க எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, வருகிற குழந்தைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு எழுபது கோடி ஆகாது. இதையும் செய்ய மனம் வராது என்றால், காப்பாற்றினோம் என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.